உங்கள் புரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது… தெரியுமா?

உலகத்தில் எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைத் திரையில் போட முடியாது, தெரியுமா? பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியானாலும் சரி, முடியவே முடியாது! அதற்குத் தெரிந்த ஒரே வித்தை ஒளியை வீசுவது. ஒளி இல்லாத இடம்தானே கறுப்பு? ஒளியை வீசலாம், இருட்டை எப்படி வீசுவது? படத்தில் கதாநாயகன் போட்டிருக்கும் கறுப்புச் சட்டை உண்மையில் என்ன நிறம் தெரியுமா? விளக்கை அணைத்த பிறகு உங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறமோ, அதே நிறம்!

அப்படியானால் டியூப்லைட்டைப் போட்டால் என்ன ஆகும்? கணக்கைக் கேளுங்கள், அசந்து போவீர்கள்! டிஜிட்டல் சினிமா தியேட்டரில் திரையின் மிகப் பளிச்சென்ற வெள்ளைக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). ஒரு வெள்ளைத் திரையின் மேல் வெறும் 150 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் விழுந்தாலே அந்தத் திரை 48 நிட்ஸ் அளவுக்கு ஒளிரும்! அதாவது, நன்றாக விளக்கெரியும் ஹாலில் புரொஜெக்டரை அணைத்து வைத்திருந்தாலும், உங்கள் திரையின் ‘கறுப்பு’ தியேட்டரின் வெள்ளையோடு போட்டி போடுகிறது! அந்தத் திரையில் இரவுக் காட்சி எடுபடுமா? மெனுவைத் தொடும் முன்பே சரி செய்ய வேண்டிய முதல் செட்டிங், சுவரில் இருக்கும் லைட் சுவிட்ச்தான்!

சரி, அறையை நன்றாக இருட்டாக்கி விட்டீர்கள். 100 அங்குலத் திரைக்கு எத்தனை லூமென்ஸ் (கருவி வீசும் மொத்த ஒளியின் அலகு) வேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம்? 3,000? 5,000? இல்லவே இல்லை! தியேட்டர் அளவு வெளிச்சத்துக்குச் சுமார் 420 லூமென்ஸே போதும்! ஆமாம், நானூற்று இருபது!

அதே 100 அங்குலத் திரையைக் கொளுத்தும் வெயிலில் வைத்தால்? நேர் வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். அந்த வெளிச்சத்துக்குச் சமமாக நிற்கவே சுமார் 2 லட்சத்து 75 ஆயிரம் லூமென்ஸ் வேண்டும்! ‘பட்டப்பகலிலும் பளிச்’ என்ற விளம்பரத்தை இனி எங்கே பார்த்தாலும் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரையை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைக்கிறீர்களா? கால்வாசியாகி விடும்! 100 அங்குலத்தை 200 ஆக்கினால் பரப்பளவு நான்கு மடங்கு. இருக்கிற ஒளியைத்தானே அத்தனை இடத்துக்கும் பங்கு போட வேண்டும்? படம் மங்கலாக இருக்கிறது என்று புதுக் கருவி தேடுகிறவர்கள், முதலில் படத்தை 120-லிருந்து 100 அங்குலமாகச் சுருக்கிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாமல் வெளிச்சம் 44 சதவீதம் கூடும்!

இப்போது கருவிக்குள் எட்டிப் பார்ப்போமா? டி.எல்.பி. வகைப் புரொஜெக்டர் என்றால் உள்ளே இருப்பது என்ன தெரியுமா? கண்ணாடிகள்! ஒன்றல்ல, இரண்டல்ல, முழு ஹெச்.டி. சில்லு ஒன்றில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 கண்ணாடிகள்! அத்தனையும் மூலைக்கு மூலை 12 மில்லிமீட்டர்கூட இல்லாத பரப்பில்! அந்தச் சில்லில் ஒரு கண்ணாடியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 5.4 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்தில் பத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி விடலாம்!

அந்தக் கண்ணாடிகளுக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான் என்றால் நம்புவீர்களா? ஒளியை லென்ஸ் பக்கம் திருப்பு, அல்லது வேறு பக்கம் தள்ளு. அவ்வளவுதான்! பிறகு சாம்பல் நிறம் எப்படி வருகிறது? ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து நிமிர்கிறது ஒவ்வொரு கண்ணாடியும். பாதி நேரம் திரைப்பக்கம், பாதி நேரம் மறுபக்கம் என்று ஆடினால் உங்கள் கண் அதைச் சாம்பலாகக் கூட்டிக்கொள்கிறது! திரையில் சாம்பலே இல்லை. அது உருவாவது உங்கள் கண்ணிலும் மூளையிலும்!

ஒற்றைச் சில்லு டி.எல்.பி.யில் நிறமும் அப்படித்தான்! சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே நேரத்தில் வருவதே இல்லை. ஒரு நிறச் சக்கரம் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. நொடிக்கு 120 சுற்று சுழலும் சக்கரம் என்றால் நிமிடத்துக்கு 7,200 சுற்று! சிலருக்குத் தலையைச் சட்டென்று திருப்பும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் தெறிப்பது போலத் தெரியும். அது கண் கோளாறல்ல. அந்தச் சக்கரத்தின் வேலை! மெனுவில் சக்கர வேகம் இருந்தால் கூட்டிப் பாருங்கள், வானவில் குறையும்.

இந்த ஆடும் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் யார்? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக். ஆண்டு 1987. 1999 ஜூன் 18 அன்று அமெரிக்காவில் நான்கே நான்கு தியேட்டர்களில் ஸ்டார் வார்ஸ் படத்தை டிஜிட்டல் புரொஜெக்டரில் ஓட்டிக் காட்டினார்கள். அதில் இரண்டு தியேட்டர்களில் வேலை செய்தது இந்தக் கண்ணாடிச் சில்லு! 2015-ல் ஹார்ன்பெக்குக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஆஸ்கர் சிலை! ஒரு படத்தில்கூட நடிக்காத, ஒரு படத்தைக்கூட இயக்காத இயற்பியலாளருக்கு!

4கே புரொஜெக்டர் என்றால் உள்ளே 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 கண்ணாடிகள் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பல மாடல்களில் இருப்பது அதே 20 லட்சம்தான்! ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குக்குள் படத்தை நான்கு தடவை இம்மியளவு நகர்த்தி நகர்த்தி நான்கு மடங்காக்குகிறார்கள். கண்ணுக்கு அந்த நகர்வு தெரிவதே இல்லை. அபாரமான பொறியியல் இது!

ஆனால் ‘4கே சப்போர்ட்டட்’ என்று பெட்டியில் எழுதிய மலிவுக் கருவிகள் கதையே வேறு! சப்போர்ட் என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். பல கருவிகளில் உள்ளே இருக்கும் நிஜத் திரை 800-க்கு 480. பெருக்கினால் 3 லட்சத்து 84 ஆயிரம் புள்ளி! 4கே படத்தின் 21-க்கும் மேற்பட்ட புள்ளிகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்றைக் காட்டுகிறது! பெட்டியில் பார்க்க வேண்டிய சொல் ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’. அது எழுதப்படவில்லையா? அந்தக் கருவியை வாங்காதீர்கள்.

இனிதான் பெரிய ஆச்சரியம்! ரிமோட்டில் ‘பிரைட்னஸ்’ என்று ஒன்று இருக்கிறதே, அது வெளிச்சத்தைக் கூட்டுவதற்கானது அல்ல, தெரியுமா? அது கட்டுப்படுத்துவது கறுப்பை! வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது எது? ‘கான்ட்ராஸ்ட்’! படம் மங்கலாகத் தெரிகிறதே என்று பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போனால் படம் பிரகாசமாகாது. நிழல்கள் எல்லாம் வெளுத்து, படம் முழுவதும் புகை படிந்த மாதிரி ஆகி விடும். எத்தனை வகுப்பறைகளில், எத்தனை கல்யாண மண்டபங்களில் இந்த வெளுத்த படத்தைப் பார்த்திருக்கிறோம்! கருவி மேல் குற்றமே இல்லை, ஒரே ஒரு எண் கூடிப் போயிருக்கிறது!

சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம்! அறையை இருட்டாக்குங்கள். இரவுக் காட்சி ஒன்றை நிறுத்தி வையுங்கள். கறுப்பு முடியும் கறுப்புக் கோட்டும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் முடியும் கோட்டும் ஒன்றாகக் கலந்து மொத்தையான இருட்டாகி விடும். இப்போது ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். ஒன்று… இரண்டு… மூன்று… ஓரிடத்தில் கோட்டின் காலர் விளிம்பு மெல்லத் தலைகாட்டும்! அடுத்த எண்ணில் தோள்பட்டைத் தையல்! படத்தின் மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டை மட்டும் இன்னும் வெளுக்கவில்லையா? நிறுத்துங்கள், அதுதான் உங்கள் அறைக்கான எண்! அடுத்து மேகம் உள்ள காட்சி ஒன்று. கான்ட்ராஸ்டை ஏற்றிக்கொண்டே போங்கள். வெள்ளை மேகத்தின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். பிறகு பிரைட்னஸை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும்.

எத்தனை சரி செய்தும் படம் வெளுத்தே இருக்கிறதா? காரணம் ஹெச்.டி.எம்.ஐ. செட்டிங்கில் ஒளிந்திருக்கலாம்! சினிமா வீடியோவில் கறுப்பின் எண் 0 அல்ல, 16. வெள்ளையின் எண் 255 அல்ல, 235! கம்ப்யூட்டரோ 0 முதல் 255 வரை பேசும். பிளேயர் ஒரு கணக்கிலும் புரொஜெக்டர் இன்னொரு கணக்கிலும் இருந்தால்? 16 என்ற கறுப்பு சாம்பலாகி விடும். அல்லது நிழலில் இருக்கும் எல்லாமே இருட்டில் மூழ்கி விடும். ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தாலே போதும்!

‘டைனமிக்’, ‘விவிட்’ மோடுகளில் முகம் ஏன் பச்சையடிக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மனிதக் கண் அதிக வெளிச்சமாக உணரும் நிறம் பச்சை! ஹெச்.டி. வீடியோவின் கணக்குப்படி வெள்ளையின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7! லூமென்ஸ் எண்ணை உயர்த்திக் காட்ட எந்த நிறத்தை அவிழ்த்து விட வேண்டும்? பச்சையை! பாதரச விளக்கிலும் பச்சைதான் தாராளம், சிவப்பு பஞ்சம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் லூமென்ஸ் இந்தப் பச்சை மோடில் எடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். ‘சினிமா’ மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நிமிடம் படம் மங்கலாகவும் மஞ்சளாகவும் தோன்றும், பொறுத்திருங்கள்! கண் பழகியதும் மனித முகம் மனித நிறத்துக்கு வந்திருக்கும்.

கலர் டெம்பரேச்சரில் ஒரு தலைகீழ் விந்தை! எண் ஏற ஏற வெப்பம் கூடுவதால் படம் சிவக்கும் என்றுதானே தோன்றும்? நீலமாகிறது! சினிமாவும் டிவியும் நம்பியிருக்கும் வெள்ளை சுமார் 6,500 கெல்வின். உங்கள் மெனுவில் பெரும்பாலும் ‘வார்ம்’ என்ற பெயரில் ஒளிந்திருப்பது அதுதான்.

ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் கூர்மையாகும் என்பது உண்மையா? ஒரு நுணுக்கம்கூடப் புதிதாக வராது! விளிம்புகளின் ஓரத்தில் இல்லாத வெள்ளைக் கோட்டைக் கருவியே வரைந்து சேர்க்கிறது. சப்டைட்டில் எழுத்தைச் சுற்றிப் பேய் மாதிரி ஒரு வெண்கோடு தெரிகிறதா? அது மறையும் வரை குறையுங்கள். படத்தில் இல்லாததைச் சேர்ப்பது அழகல்ல!

நிஜக் கூர்மை எங்கே இருக்கிறது தெரியுமா? லென்ஸ் வளையத்தில்! 100 அங்குலத் திரையில் முழு ஹெச்.டி.யின் ஒரு புள்ளி 1.15 மில்லிமீட்டர். சுவர் அருகே போய் நின்று, கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு சதுரமும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்! ஒருவர் சுவரருகே நின்று பார்க்க, இன்னொருவர் வளையத்தைத் திருப்பட்டும். சதுரங்களின் இடைக்கோடு துல்லியமாகும் இடமே ஃபோகஸ். நடுவில் மட்டும் பார்க்காமல் நான்கு மூலைகளையும் பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஆன் செய்த உடனே ஃபோகஸ் வைக்காதீர்கள்! உள்ளே சூடேற ஏற லென்ஸ் பாகங்கள் விரிவதால் ஃபோகஸ் நகர்ந்து விடும். அரை மணி நேரம் ஓட விட்டுப் பிறகு தொடுங்கள்.

கீஸ்டோன் பட்டனுக்கு நீங்கள் கொடுக்கும் விலை தெரியுமா? கருவியைச் சாய்த்து வைத்து, கோணலான படத்தைக் கீஸ்டோனால் நிமிர்த்தும்போது, சில்லின் ஓரப் புள்ளிகளை அது அணைத்து விடுகிறது! ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போனால் 4 லட்சத்து 14 ஆயிரம் புள்ளிகள் வேலையில்லாமல் நிற்கும்! மீதிப் புள்ளிகளுக்குள் முழுப் படத்தையும் கசக்கி அடைப்பதால் எழுத்துகளும் மழுங்கும். லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அதைத் திருப்புங்கள். அங்கே லென்ஸ்தான் நகர்கிறது, ஒரு புள்ளிகூட வீணாகாது. அதுவும் இல்லையா? கருவிக்குக் கீழே நான்கு புத்தகம் வைத்து அதைத் திரைக்கு நேராக நிறுத்துவது, எந்தக் கீஸ்டோனையும் விட மேல்!

சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். நொடிக்கு 60 காட்டும் கருவியில் மோஷன் ஸ்மூத்திங் ஓடினால், அதில் குறைந்தது 36 படங்கள் எந்தக் கேமராவும் எடுக்காதவை! கருவியே கற்பனை செய்து போட்டவை! கோடிகளில் எடுத்த படம் டிவி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து வீடியோ வெளியிட்டு, ‘இதை அணைத்து விட்டுப் படம் பாருங்கள்’ என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், சினிமாவுக்கு வேண்டவே வேண்டாம்!

ஹெச்.டி.ஆர். (அதிக ஒளி வீச்சுள்ள) படம் போட்டதும் இருட்டடிக்கிறதா? ஹெச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸ், சில சமயம் 4,000 நிட்ஸ் காட்டும் திரையில் வைத்துச் செதுக்குகிறார்கள். வீட்டுப் புரொஜெக்டர் திரையில் 100 நிட்ஸ் வந்தாலே பெரிய விஷயம்! ஆயிரத்தை நூறுக்குள் அடக்கும்போது முகங்கள் இருட்டில் போய் விடுகின்றன. பிளேயரில் ஹெச்.டி.ஆரை அணைத்து விட்டு அதே காட்சியைப் பாருங்கள். பல சிறு கருவிகளில் சாதாரண எஸ்.டி.ஆரே அழகாக இருக்கும்!

‘10 லட்சத்துக்கு 1’ கான்ட்ராஸ்ட் என்று விளம்பரம் பார்த்தீர்களா? முழு வெள்ளையை ஒரு தடவை, விளக்கைச் சுருக்கி முழுக் கறுப்பை ஒரு தடவை, தனித்தனியே அளந்து வகுத்த எண் அது! 8 வெள்ளை, 8 கறுப்புக் கட்டங்களை ஒரே நேரத்தில் காட்டி அளந்தால், பல கருவிகள் சில நூறுகளில் வந்து நின்று விடும்.

அந்தச் சில நூறையும் பறிப்பது எது தெரியுமா? உங்கள் வெள்ளைக் கூரை! திரையிலிருந்து தெறிக்கும் ஒளி கூரையில் பட்டுத் திரும்பவும் திரைக்கே வந்து கறுப்பை வெளுக்கச் செய்கிறது. படம் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது! திரையை ஒட்டிய ஒரு மீட்டர் கூரைக்கும் பக்கச் சுவருக்கும் அடர்நிறத் துணியோ மங்கலான பெயின்ட்டோ போட்டுப் பாருங்கள். எந்த மெனுவாலும் தர முடியாத கறுப்பு கிடைக்கும்!

ஊட்டியில் இருக்கிறீர்களா? உங்களுக்கென்றே ஒரு செட்டிங் உண்டு! ‘ஹை ஆல்டிட்யூட்’ மோட். பல கருவிகளில் சுமார் 1,500 மீட்டருக்கு மேல் போட வேண்டும். ஊட்டியோ 2,240 மீட்டர்! காற்று மெலிந்திருப்பதால் விசிறி வேகமாகச் சுற்றினால்தான் சூடு வெளியேறும். சமவெளியில் இதைத் தவறுதலாகப் போட்டு வைத்து, ‘விசிறி இரைகிறதே’ என்று கலங்குகிறவர்களும் உண்டு. மெனுவைத் திறந்து பாருங்கள்!

விளக்கு ஆயுள் 4,000 மணி நேரம் என்றால் அதுவரை ஒரே பிரகாசமா? இல்லை! வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான கணக்கு அது! லேசர் கருவிகளின் 20,000 மணி நேரமும் பொதுவாக அப்படித்தான். தினமும் 3 மணி நேரம் பார்த்தால் 18 ஆண்டுகள்! வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்குவதால் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் சரி செய்யும் அந்த ஐந்து நிமிட வேலையை மறுபடி செய்யுங்கள். தூசி வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று! பாதரச விளக்குப் புரொஜெக்டரில், எரியும்போது விளக்கின் உள்ளே எவ்வளவு அழுத்தம் தெரியுமா? சுமார் 200 வளிமண்டலம்! கடலில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம்! அத்தனையும் ஒரு சின்னக் குமிழுக்குள், ஒரு மில்லிமீட்டர் அளவு ஒளிப்பொறியைச் சுற்றி! படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ரிமோட்டில் ஆஃப் செய்து, விளக்கை ஆற வைக்கும் விசிறி தானாக நிற்கும் வரை காத்திருங்கள். உங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகும் என்றால் புரொஜெக்டரைக் கட்டாயம் யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள்.